பதிமூன்று ஓம்

ஆயிரத்து நூற்று நாற்பதில் நின்றுவிட்டது சூளை.
ராத்திரி ஒன்பது, பத்து, பதினொன்றேகால்,
அதே நாற்பது.
மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது
காட்பாடியில் நிற்காத வண்டி மாதிரி.
உள்ளே நூற்றிருபது காபிக் கோப்பைகள்,
பாகாயத்துக் கடைக்காரருக்கு
வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னவை,
கிளேஸ் உருகாமல்
பவுடர் அப்பிய முகங்களாக.

அது ஆறிய பிறகு மெயினை இறக்கினேன்.
ஃபியூஸ் கட்டை மூன்றையும் பிடுங்கி
என் பையிலேயே போட்டுக்கொண்டேன்.
தணிகைவேலை எதிலும் நம்புவேன்,
சுவிட்சில் மட்டும் மாட்டேன்.

மல்டிமீட்டர் முள்ளை வைத்தால்
மேல் வரிசை பதினேழரை.
நடு வரிசை பதினெட்டு.
கீழ் வரிசையில் எண் துடித்துத் துடித்து
காணாமல் போனது.
இருக்க வேண்டியது பதிமூன்று.
கம்பி தேயத் தேய மின்சாரத்துக்கு
இல்லை, இல்லை என்று சொல்லப் பழகுகிறது.
இது எனக்கு உறைக்க
நாலு கரண்ட் பில் ஆனது.

சைதாப்பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் ஷபீர்
என் கம்பியைச் சுற்றிக்கொண்டே கேட்டார்:
‘எதுக்கு மேடம் இவ்ளோ பெரிய ஸ்பிரிங்கு?’
‘கப்பு சுட.’
‘கப்புக்கா!’
சிரித்தபடி இரண்டு சுற்று கூடப் போட்டார்,
கறிவேப்பிலைக் கொசுறு போல.

பழைய கம்பி கைமுறுக்காக உடைந்தது.
பிடுங்கப் பிடுங்கத் துண்டு,
துண்டோடு காடிச் செங்கல்லின் உதடும்.
ஓரிடத்தில் வரவே இல்லை.
இரண்டு வருஷத்துக்கு முன் வெடித்த ஜாடியின் நீலம்
வழிந்து, இறுகி,
பல்லி மாதிரி கம்பியைக் கவ்விக்கொண்டிருந்தது.
உளியால் தட்டினேன்.
தட்டினேன்.

பக்கத்து வீட்டு ஜெபசெல்வி வந்து நின்றாள்,
நைட் டியூட்டி முடிந்து இன்னும் தூங்காத கண்,
இன்னும் மாற்றாத வெள்ளை உடை.
சண்டைக்கென்றுதான் வந்தாள்.
குனிந்து உள்ளே பார்த்தாள்.
‘லைட்டே இல்லாம என்னத்தப் புடுங்குற?’
போனாள். திரும்பி வந்தாள்,
செல்போன் டார்ச்சும்
ஓரம் மழுங்கிய ஆர்ட்டரி ஃபோர்செப்ஸுமாக.
ஒரு திருகு. நீலம் கையோடு வந்தது.

புதுச் சுருளை அளவுக்கு இழுக்க வேண்டும்.
வாசற்கதவில் அவள், சமையல்கட்டில் நான்,
நடுவில் ஹால் முழுக்க நடுங்கும் கம்பி.
‘விட்டுடாதே.’
‘நான் விட்டா உன் பல்லு போகும், தெரியும்.’
தணிகைவேல் ராணிப்பேட்டையிலிருந்து போன் செய்தபோது
இரண்டு பேருக்குமே கை இல்லை.

இன்றைக்கு மட்டும்தான் இது வளையும்.
ஒருமுறை சிவந்துவிட்டால்
பிறகு சொன்னபடி கேட்காது, ஒடியும்.
அதனால் மூலைகளில் அவசரப்படவில்லை.
அவள் பிடிக்க, நான் ஊசி குத்த,
சுற்றோடு சுற்று ஒட்டாமல்
மூன்று வரிசையும் காடியில் உட்கார மணி மூன்று.
முள்ளை வைத்தேன்.
பதிமூன்று புள்ளி ஒன்று.
கொசுறு.

முதல் சூட்டுக்கு உள்ளே எதுவும் வைக்கக் கூடாது.
ஒரு கோப்பை, ஒரு மணி, எதுவும்.
வெறும் அறையில் எரிந்து எரிந்து
கம்பி தன்மேல் ஒரு தோல் வளர்த்துக்கொள்ள வேண்டும்.
ஃபியூஸ் கட்டைகளைப் பையிலிருந்து எடுத்து மாட்டினேன்.
டக். டக்.
மூன்றாவதுக்கு மூச்சைப் பிடித்தேன்.
டக்.

வெளியே நாற்பத்திரண்டு டிகிரி,
வேலூருக்கு இது மே மாதம்.
உள்ளே அறுநூறு, எழுநூறு,
பார்வைத் துளையில் மாதுளைச் சிவப்பு.
ஃபேன் கொஞ்சம் சோர்ந்து சுற்றியது.
கடைக்காரருக்குச் செவ்வாய்க்கிழமை என்றேன்.
அவர் சொன்னதை இங்கே எழுத வேண்டாம்.

ஜெபசெல்வி மொசைக் தரையில்
அப்படியே தூங்கிப் போயிருந்தாள்.
ஆயிரத்து நூற்று நாற்பது
எப்போது கடந்தது என்று பார்க்கத் தவறிவிட்டேன்;
ஃபோர்செப்ஸின் பல்லில் இருந்த செங்கல் தூளை
பழைய பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.
எட்டு மணிக்கு அவளுக்கு டியூட்டி.